ஒரு நாளுக்கு ஒரு நொடி

பெட்டி முதன்முதலாகச் சத்தம் போட்டது ஒரு புதன்கிழமை மதியம். பாப்பாவை அப்போதுதான் தூங்கவைத்துவிட்டு அவள் கணினி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு அகராதிகளைச் சேர்த்து நிறுத்திவைத்த அளவுதான் இருக்கும் அந்தச் சேமிப்புப் பெட்டி. அவள் வடிவமைக்கும் புத்தகப் பக்கங்கள், பாப்பாவின் படங்கள், பாப்பா அறையிலிருக்கும் கேமராவின் பதிவுகள் எல்லாம் அதற்குள்தான். உள்ளே சுழல்கிற பாகம் ஒன்றும் கிடையாது என்பதால் கூடத்து அலமாரியில் வாயில்லாப் பூச்சியாகக் கிடக்கும். அது அன்றைக்கு மூன்று முறை கூவியது. திரையில் ஒரு சிவப்பு வரி: உள்ளிருக்கும் இரண்டு சேமிப்பு டிரைவ்களுக்கும் ஆயுள் முடிந்துவிட்டது.

கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் நாத்தனார்தான் அந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்தவள். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவள் மாதக் கணக்குப் போட்டாள்.

"அண்ணி, வாங்கி எட்டு மாசம்தானே ஆச்சு? பத்து வருஷம் உழைக்க வேண்டியது."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

"எழுதி எழுதித் தேஞ்சுபோயிருக்கு. இந்த வகை டிரைவுல எவ்வளவு படிச்சாலும் ஒண்ணும் ஆகாது. எழுத எழுதத்தான் ஆயுசு குறையும். உங்க பக்க வேலைக்கெல்லாம் இவ்வளவு எழுதாது. பாப்பா ரூம் கேமராதான்."

"அது ஏதாவது அசைஞ்சாத்தானே எழுதும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

சனிக்கிழமை நாத்தனார் பையில் இரண்டு புது டிரைவ்களோடு வந்தாள். பழையதைவிட முப்பத்திரண்டு மடங்கு பெரிய கொள்ளளவு. கையில் வைத்தால் ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லை. முதலில் ஒன்றைக் கழற்றினாள். நகக்கண் அளவுத் திருகாணிகளை ஒரு சாஸரில் போட்டுவைத்து, புதியதைப் பெட்டியின் இழுப்புத்தட்டில் பொருத்தி உள்ளே தள்ளினாள். இரண்டிலும் ஒரே விஷயம்தான் எழுதப்பட்டிருக்கும். மிச்சமிருப்பது புதியதற்குத் தன்னைப் படியெடுத்துக் கொடுக்கும். அது முடிந்தபிறகு மற்றதை மாற்றவேண்டும். படியெடுக்கும்வரை இருவரும் தேநீர் குடித்தார்கள். நாத்தனார், பெட்டி எப்போது எவ்வளவு எழுதியது என்ற கணக்கைத் திரையில் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். பிறகு தள்ளுவதை நிறுத்தினாள்.

"நீங்க மூணு பேரும் ஒன்பது நாள் ஊருல இல்லையே, நினைவிருக்கா? அந்த ஒன்பது நாளும் எழுதியிருக்கு. ராத்திரி பகல் விடாம."

"என்ன எழுதியிருக்கு?"

"தெரியாது. பழைய டிரைவுல ரெண்டு நாள் பதிவுதான் கொள்ளும். அப்புறம் அதுமேலேயே எழுதிடும். இனிமே அப்படி இல்ல, ரெண்டு மாசம்வரைக்கும் கிடக்கும்." அவள் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "கேமராவை ரொம்ப நுணுக்கமா வைக்கச் சொன்னது நீங்கதானே, பாப்பா மூச்சு விடுறதுகூடத் தெரியணும்னு. திரைச்சீலையா இருக்கும், அண்ணி."

அவள் திரைச்சீலையைக் கழற்றினாள். மறுநாள் மின்விசிறியை நிறுத்தினாள். அதற்கு மறுநாள் தொட்டிலுக்குமேல் தொங்கிய காகிதப் பறவைகளை இறக்கினாள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் நின்று பார்த்தால், பெட்டியின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. எழுதும்போது மட்டும்தான் அது மினுக்கும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் ஒரு காரணம் கிடைக்கும் என்பவன். "எறும்பு நடந்திருக்கும். எறும்பு பிறந்தநாளுக்கு ஆல்பம் போட்டுக் கொடுத்துடலாம்" என்றான். அவள் சிரிக்கவில்லை என்றதும், "நீ சரியாத் தூங்கி எத்தனை மாசமாச்சு?" என்று கேட்டான். அது அக்கறைதான். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது.

அதற்குப்பின் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு பக்கத்தை வடிவமைப்பாள், எழுந்து போய்ப் பார்ப்பாள். ஒரு வரியைச் சரிசெய்வாள், மறுபடி எழுந்திருப்பாள். அறையில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது: ஒரு மூலையில் துணி அலமாரி, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இருட்டு, எதிர் மூலையில் தொட்டில், இரண்டுக்கும் நடுவில் பாப்பா பிறக்குமுன் வெளிர்மஞ்சள் அடித்த நீண்ட வெறும் சுவர். பதிவுகளை ஓட்டிப் பார்த்தாள். ஒரு மணி நேரச் சுவர். இன்னொரு மணி நேரச் சுவர். எதுவும் அசையவில்லை. அறையில் மட்டும் ஈரச் சுண்ணாம்பு வாடை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. கணவனின் மூக்குக்கு அது எட்டவில்லை.

டிரைவ் மாற்றிய நாற்பதாம் நாள் காலையிலிருந்து மழை. பகல் மூன்று மணிக்கு நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒரு யோசனை. மணிக்கு ஒரு படம்னு எடுத்து வரிசையா ஒட்டி ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாள் ஒரு நொடியில போயிடும். செடி வளர்றதை எடுப்பாங்களே, அதுமாதிரி. இங்கேயிருந்தே உங்க பெட்டியில ஒட்டி வச்சிருக்கேன், இன்னைக்கு மதியம்வரைக்கும் இருக்கு. நாற்பது நொடிதான். பார்த்துட்டு நிம்மதியா இருங்க."

"நீ பார்த்தியா?"

"இல்ல, கடையில ஆள் நிக்குது. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

பாப்பா மதியத்திலிருந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட நீண்ட தூக்கம். எழுப்ப மனம் வராமல் அவள் படத்தை ஓடவிட்டாள்.

வெளிச்சம் அறைக்குள் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கியது. தொட்டிலருகே அவளும் கணவனும் ஈக்கள் மாதிரித் தோன்றித் தோன்றி மறைந்தார்கள். பாப்பா இருந்தாள், இல்லை, இருந்தாள். ஐந்தாவது நொடியில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இருட்டு மெலிய ஆரம்பித்தது. அங்கிருந்து என்னவோ வெளியே வந்துகொண்டிருந்தது, வெளிர்மஞ்சளாக, சுவரோடு சுவராக, உருளையால் வண்ணம் அடித்த பொரிப்பொரியான தடம்கூட அதன்மேல் அப்படியே இருந்தது. நின்றுவிட்டால் சுவர்தான். நகர்வதால்தான் உருவம் தெரிந்தது. முதலில் ஒரு கை. மிக நீளமான கை. அது சுவரைத் தடவித் தடவி வழி பார்த்தது. பிறகு தோள். பிறகு, கன்னத்தைச் சுவரில் அழுத்தியபடி, ஒரு தலை.

பதினைந்தாவது நொடியில் அது சுவரின் நடுவே வந்திருந்தது. அவளும் கணவனும் அதற்கு முன்னால் தோன்றி மறைந்தார்கள். ஒரு படத்தில் அவள் அதன்மேல் சாய்ந்து நின்று பாப்பாவுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

முப்பது. தொட்டிலின் தலைமாடு.

முப்பத்தொன்பதாவது நொடிவரை அது ஒரே நிதானத்தில்தான் வந்தது. கடைசி நொடியில் மட்டும் அவசரப்பட்டது. குனிந்தது. கை தொட்டிலின் கம்பிகளுக்கு நடுவே இறங்கியது. படம் நின்றது. மதியம் பன்னிரண்டு. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில், மூடிய இரண்டு கோடுகள்.

இப்போது மணி மூன்றரை.

அவள் நாற்காலி விழுந்த சத்தத்தைக் கேட்டாள். எழுந்தது நினைவில்லை. அறைக்கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாடை முகத்தில் வந்து அப்பியது. மழைவெளிச்சம். தொட்டில். பாப்பா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து. பின்னால் சுவர். சுவர் மட்டும். கொஞ்சம் புடைத்த சுவர்.

அவள் அதைப் பார்க்காமல் குனிந்து பாப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

பாப்பா பாதிதான் வந்தாள்.

போர்வை வழுக்கி விழுந்தது. பாப்பாவின் இடது கணுக்காலைச் சுற்றி நான்கு விரல்கள். வெளிர்மஞ்சள். நகமில்லாதவை. அவள் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். பூச்சு மாதிரி இறுகிக் கிடந்தது. சில்லென்று இருக்குமென நினைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. நகம் மடங்க மடங்கப் பிறாண்டினாள். பொடிதான் உதிர்ந்தது. விரல் அசையவில்லை. அசைந்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. காலுக்கும் விரலுக்கும் நடுவே அவளுடைய சுண்டுவிரல் நுழைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி நுழைத்துப் பார்த்தாள்.

நுழையவில்லை.

வெளிக்கதவு திறந்தது. "மழையில வேலையை நிறுத்திட்டாங்க" என்று கணவனின் குரல். செருப்பைக் கழற்றும் சத்தம். "என்ன சத்தத்தையே காணோம்? பாப்பா தூங்குறாளா?"

கூப்பிட வாய் திறந்தாள். அதற்குள் அவள் தலை தானாக நிமிர்ந்துவிட்டிருந்தது.

சுவரில், அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, இரண்டு கோடுகள். மதியத்துப் படத்தில் மூடியிருந்தவை. இப்போது நூல் அளவு விலகியிருந்தன.

உள்ளே ஈரமாகப் பளபளத்தது.

அவள் இமைத்தாள். இன்னும் ஒரு நூல்.