நூறாவது சட்டை

ஹெட்மாஸ்டர் ரக்பீரின் கைகள் நான்கு நிறத்தில் இருந்தன. வலது கையில் மஞ்சளும் பச்சையும், இடது கையில் சிவப்பும் நீலமும். நடுவில் எப்போதோ மூக்கைச் சொறிந்திருக்கிறார் போலிருக்கிறது. மூக்கு நுனி சாம்பல் நிறம்.

இரண்டு நாளாகப் பள்ளிக்குப் பின்னால் பீப்பாய்களில் சாயம் கரைத்து, பிள்ளைகள் கொண்டுவந்த வெள்ளைச் சட்டைகளை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார் அவர்.

"குடியரசு தினத்துக்கு நாம ஒரு படம் எடுக்கப் போறோம். சாதாரணப் படம் இல்ல" என்று காலைக் கூட்டத்தில் சொன்னார். "ட்ரினிடாட் டொபேகோவுல நூறே நூறு பேர் இருந்தா, அதுல யார் யார் எத்தனை பேர் இருப்பாங்க? அதைக் காட்டுற படம். ஒரு பிள்ளை நின்னா நூத்துல ஒரு பங்கு. தீயணைப்பு வண்டியோட ஏணி மேல ஏறி எடுக்கப் போறாங்க. செய்தித்தாள்ல வரும்!"

தீயணைப்பு வண்டி என்றதும் பாதிப் பிள்ளைகளுக்கு மீதிப் பேச்சு காதிலேயே விழவில்லை.

செட்ரோஸ் கடற்கரையில் இருக்கிறது அந்தப் பள்ளி. சின்னப் பள்ளிதான். எதிரே கடல். வானம் தெளிந்த நாளில் கடலுக்கு அந்தப் பக்கம் வெனிசுவேலா நாட்டு மலைகள் தெரியும்.

ஹெட்மாஸ்டர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். மக்கள்தொகைக் கணக்கு. இந்திய வம்சாவளி முப்பத்தைந்து பேர், மஞ்சள் சட்டை. ஆப்பிரிக்க வம்சாவளி முப்பத்து நான்கு, பச்சை. இரண்டு மூன்று வம்சம் கலந்தவர்கள் இருபத்து மூன்று, சிவப்பு. சீனர், சிரியர், போர்த்துக்கீசியர், வெள்ளையர், தீவின் ஆதிக்குடிகள் எல்லாரும் சேர்ந்து ஒன்று, நீலம். கடைசியாக ஆறு பேர், சாம்பல்.

"யார் சார் அந்த ஆறு பேர்?" என்று கேட்டாள் ரெனெல் சுக்தியோ. வயது பத்து. நான்காம் வகுப்பு.

"கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட எதுவும் சொல்லாதவங்க."

பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளிப் பையன் கெர்வின் அலெக்ஸிஸ் மஞ்சள் சீட்டு எடுத்தான். "நான் இந்தியன் ஆயிட்டேன்! இன்னைக்கு ராத்திரி எங்கம்மா ரொட்டி சுட்டே ஆகணும்!" என்று குதித்தான். ட்ரே அலியாங்குக்கு நீலம் விழுந்தது. "நான் ஒருத்தன் அஞ்சு கூட்டத்தைச் சுமக்கணுமா? முதுகு ஒடிஞ்சிடும்" என்று அலுத்துக்கொண்டான்.

ரெனெல் தன் சீட்டைப் பிரித்தாள். சாம்பல்.

"ஏய், சொல்லாதவ! இந்தப் பக்கம் வா" என்றான் கெர்வின். "வாயில்லாப் பூச்சிங்க ஆறு பேருக்கும் கடைசி வரிசை!"

பள்ளியிலேயே அதிகம் பேசுபவள் ரெனெல். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் பொருமிக்கொண்டிருந்தாள். அப்பா வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அம்மா செலஸ்டீன் கலாலு கீரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீடா? சொல்லாத வீடா?" அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கணக்கெடுக்க வந்த பையன்கிட்ட உங்கப்பா என்ன பண்ணார் தெரியுமா? அவரோட தாத்தா இந்தியாவுல கப்பல் ஏறின கதையில ஆரம்பிச்சார். நான் விடுவேனா? டொபேகோவுல எங்க ஆளுங்க கதையை நான் சொன்னேன். தாள் நிறைஞ்சு போய் அந்தப் பையன் ஓரத்துல எழுதினான்."

"ரெண்டு டம்ளர் ஜூஸ் வேற குடிச்சான்" என்றார் அப்பா.

"அப்புறம் ஏம்மா சில பேர் மட்டும் சொல்லல?"

"யாருக்குத் தெரியும்? சில பேருக்கு ஒண்ணை மட்டும் சொல்லப் பிடிக்காது. சில பேர் அன்னைக்கு வீட்டுல இருந்திருக்க மாட்டாங்க."

"சொல்லாட்டியும் அவங்களைச் சேர்த்துக்கிட்டாங்களா?"

"ஆளு இருக்குல்ல? இருக்கிற ஆளை எப்படி விட முடியும்?" என்றாள் அம்மா, அகப்பையைத் தட்டிக்கொண்டே.

திங்கட்கிழமை பள்ளிக்கு ஒரு புதுப் பிள்ளை வந்தாள். பெயர் யுஸ்மேரி. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன மாதம்தான் வந்த குடும்பம். அம்மா மீன் சந்தையில் மீன் வெட்டுகிறாள். யுஸ்மேரிக்கு ஸ்பானிய மொழி சரளம். இந்த ஊர்ப் பேச்சு இன்னும் தத்தித் தத்தித்தான் வரும். வகுப்பில் அவளை ரெனெலின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ரெனெல் பேசிக்கொண்டே இருப்பாள். யுஸ்மேரி கேட்டுக்கொண்டே இருப்பாள். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. எல்லாரும் நிறச் சட்டையோடு மைதானத்துக்கு வந்தார்கள். பத்து வரிசை, வரிசைக்குப் பத்துப் பேர். சதுரமாக நிற்க வேண்டும் என்பது ஹெட்மாஸ்டரின் ஆசை. முதலில் மஞ்சள், பிறகு பச்சை, பிறகு சிவப்பு. கடைசி வரிசையில் மீந்த இரண்டு சிவப்பும், ட்ரேயின் நீலமும், ஆறு சாம்பலும். வரிசையின் கடைசி ஆள் ரெனெல்.

யுஸ்மேரிக்கு நிறச் சட்டை இல்லை. "நீ பைகளைப் பார்த்துக்கோம்மா" என்று ஹெட்மாஸ்டர் அன்பாகத்தான் சொன்னார். அவள் மதில்மேல் ஏறி, தொண்ணூற்று ஒன்பது புத்தகப் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்தாள்.

ஹெட்மாஸ்டர் நாற்காலிமேல் ஏறிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"கடைசி வரிசையில யாரு நகர்ந்தது? மூலையில ஓட்டை தெரியுதே!"

"யாரும் நகரல சார்!"

"எல்லாரும் ஒரு அடி இடது பக்கம் வாங்க."

ஓட்டையும் ஒரு அடி இடது பக்கம் வந்தது. மூன்று தடவை வரிசையைக் கலைத்து நிறுத்தினார். மூன்று தடவையும் சதுரத்தின் மூலை எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

மதில்மேலிருந்து யுஸ்மேரி மெல்லச் சொன்னாள்: "ஒண்ணு... ஒண்ணு இல்ல."

ஹெட்மாஸ்டர் எண்ணினார். தொண்ணூற்று ஒன்பது. தாளில் இருந்ததைக் கூட்டினார். அதுவும் தொண்ணூற்று ஒன்பது!

"அந்தப் புதுப் பிள்ளையை நிறுத்திடலாமே சார்" என்றார் நான்காம் வகுப்பு ஆசிரியை மிஸ் பாப்டிஸ்ட்.

"எந்த நிறத்துல நிறுத்த? மஞ்சள் குடுத்தா முப்பத்தாறு ஆயிடும். பச்சை குடுத்தா முப்பத்தஞ்சு ஆயிடும். தாள்ல அப்படி இல்லையே! நாட்டுக் கணக்கை நான் மாத்தலாமா?" ஹெட்மாஸ்டர் கணக்கு வாத்தியார். கணக்கென்றால் அவருக்குக் கோயில் மாதிரி. "ஒன்பது வரிசையும் ஒரு அரைகுறை வரிசையுமா நிக்கட்டும். வேற வழியில்ல."

யுஸ்மேரிக்கு எல்லாம் புரிந்ததோ என்னவோ, ஒரு பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை. ரெனெல் அதைக் கவனித்தாள்.

ஒத்திகை முடிந்து எல்லாரும் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார்கள். ரெனெல் மட்டும் அறிவிப்புப் பலகையின் முன்னால் போய் நின்றாள். அந்தத் தாளை அவள் இதுவரை கிட்டே போய்ப் படித்ததில்லை. ஹெட்மாஸ்டர் பெரிதாக எழுதிய எண்களுக்கு அடியில், அச்சில் பொடிப்பொடியாக வேறு எண்கள் இருந்தன. முப்பத்தைந்து புள்ளி நான்கு. முப்பத்து நான்கு புள்ளி இரண்டு...

புள்ளிக்கு அப்புறம் இருந்தவை எங்கே போயின?

ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். கூட்டினாள். அழித்தாள். மறுபடி கூட்டினாள். பிறகு எழுந்து ஓடினாள்.

"சார்! சார்! ஓட்டையில யார் நிக்கணும்னு தெரிஞ்சிடுச்சு!"

ஹெட்மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாம்பல் போகவில்லை.

"மஞ்சள்ல முப்பத்தஞ்சு பேரை மட்டும் எடுத்துக்கிட்டீங்க. புள்ளி நாலை விட்டுட்டீங்க."

"பின்னே? பத்துல நாலு பங்கு பிள்ளையை எப்படிம்மா நிறுத்துறது? தலை மட்டும் நிக்குமா?"

"பச்சையில புள்ளி ரெண்டை விட்டீங்க. நீலத்துல புள்ளி நாலு. சாம்பல்ல புள்ளி ரெண்டு. எல்லாம் சேர்த்தா ஒண்ணு புள்ளி ரெண்டு. சிவப்புல இருபத்திரண்டு புள்ளி எட்டுதான் இருக்கு. அதை முழுசா இருபத்து மூணு ஆக்குறதுக்கு அதுலேருந்து புள்ளி ரெண்டு போயிடுச்சு. மீதி எவ்வளவு சார்?"

ஹெட்மாஸ்டரின் உதடுகள் அசைந்தன. விரல்கள் மடங்கின. கண்கள் விரிந்தன.

"ஒண்ணு" என்றார். "முழுசா ஒண்ணு!"

"ஒவ்வொரு கூட்டத்துலயும் நீங்க வெட்டிவிட்ட துண்டு எல்லாம் சேர்ந்து ஒரு முழு ஆள் சார். அந்த ஆளுக்குத்தான் இடம் காலியா இருக்கு."

"கணக்கு சரிதான். ஆனா அந்தப் பிள்ளை இந்தத் தாள் எழுதினப்போ இங்க இல்லையே, ரெனெல்."

"நாங்களும் இல்லையே சார்! இது பழைய கணக்கு. அப்போ எங்க யாருக்கும் பிறந்தநாளே வரல. எதுவும் சொல்லாதவங்களுக்கே இதுல ஆறு இடம் இருக்கு. இவ நேர்ல வந்து பேரைச் சொல்றா. இவளுக்கு ஒண்ணு கிடையாதா?"

மிஸ் பாப்டிஸ்ட் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினார். ஹெட்மாஸ்டர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஒரு மஞ்சள் விரலால் கடைசி வரி வரை தடவிக்கொண்டே போனார். கடைசி எண் நூறு. அதற்கு நேரே, மிஸ் பாப்டிஸ்டின் கையெழுத்தில், யுஸ்மேரி.

"அடடா" என்றார் அவர். பதிவேட்டை மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். "அடடடா! நூறு பேரையும் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு, மூணு தடவை வரிசையைக் கலைச்சேனே."

பிறகு நேராக மதிலுக்குப் போனார். யுஸ்மேரி பயந்து இறங்கினாள்.

"உன்னைப் பைக்குக் காவல் வெச்சது என் தப்பும்மா. நாளைக்கு ஒரு வெள்ளைச் சட்டை கொண்டு வா."

"என்ன... கலர்?" என்று கேட்டாள் யுஸ்மேரி.

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றிலும் துண்டு சேர்ந்த ஆளுக்கு என்ன நிறம்? "அஞ்சு சாயத்தையும் ஒண்ணா ஊத்துங்க சார், வானவில் மாதிரி வரும்!" என்று கத்தினான் கெர்வின்.

மறுநாள் காலை பீப்பாயைச் சுற்றிப் பள்ளியே கூடி நின்றது. ஹெட்மாஸ்டர் மீந்த சாயம் அத்தனையையும் ஊற்றினார். சட்டையை முக்கினார். ஒரு நீளக் கம்பால் தூக்கினார்.

வானவில் வரவில்லை. சட்டை பழுப்பாக, கொக்கோ காய்ச்சியது போல வந்தது. சேறு மாதிரி என்றும் சொல்லலாம். கெர்வின் தலையைச் சொறிந்தான். ரெனெலுக்கு அழுகை வரும்போல இருந்தது. நல்லது செய்யப் போய்க் கெடுத்துவிட்டோமோ?

ஆனால் யுஸ்மேரி கைதட்டினாள்.

"ஓரினோக்கோ!" என்றாள். தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு கடலைக் காட்டினாள். "என் ஆறு. என் வீடு பக்கம் ஆறு. அது வருது... இங்க வருது. பாரு!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செட்ரோஸ் கடல் எப்போதும் போலப் பழுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மண்தான் அந்த நிறம். பிறந்ததிலிருந்து அதில் குளிக்கிற பிள்ளைகள் அதை இப்போதுதான் கவனித்தார்கள்.

"அட, நம்ம கடல் நிறம்!" என்றான் ட்ரே. "சார், எனக்கும் அதே நிறம் வேணும். இந்த நீலம் இங்க எந்தத் தண்ணியிலயும் இல்ல."

"நீ ஒருத்தன்தான்டா நீலம். பேசாம நில்லு!" என்றார் ஹெட்மாஸ்டர்.

வெள்ளிக்கிழமை சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. ஊரே மைதானத்தைச் சுற்றி நின்றது. ரெனெலின் அப்பா வலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். யுஸ்மேரியின் அம்மா மீன் வெட்டும் ஏப்ரனோடு ஓடிவந்திருந்தாள். மூலையில் இருந்த ஓட்டையில், சாம்பல் சட்டைக்குப் பக்கத்தில், பழுப்புச் சட்டை வந்து நின்றது. ரெனெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹெட்மாஸ்டருக்கு உயரம் என்றால் பயம். ஆனாலும் புகைப்படக்காரரின் பின்னால் ஏணியில் ஏறிவிட்டார். "எண்ணிப் பார்க்காம படம் எடுக்க விட மாட்டேன்" என்று பிடிவாதம். ஒரு கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி உரக்க எண்ணினார். அறுபது வந்தபோது கீழே நின்ற ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தொண்ணூறு வந்தபோது சந்தை வரைக்கும் கேட்டது.

"தொண்ணூத்தெட்டு! தொண்ணூத்தொம்பது!"

ஒரு நொடி நிறுத்தினார்.

"நூறு!"

பழுப்புச் சட்டைக் கை ஒன்று மேலே உயர்ந்தது. "நான் சார்!" என்று கத்தினாள் யுஸ்மேரி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

படம் எடுத்து முடித்தாயிற்று. புகைப்படக்காரர் இறங்கிவிட்டார். ஹெட்மாஸ்டர் மட்டும் ஏணி உச்சியிலேயே நின்று, ஓட்டை இல்லாத அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இறங்குங்க! வண்டி போகணும்!" என்று தீயணைப்பு வீரர் கத்தினார்.

"இருங்கப்பா" என்றார் ஹெட்மாஸ்டர். "இன்னொரு தடவை எண்ணிக்கிறேன்."