ஒளி வராத முகூர்த்தம்

அதிகாலை நாலு ஐம்பத்தொன்றுக்கு எழிலியின் கழுத்தில் தாலி ஏறியது. அதே நொடியில், பதின்மூன்று கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து கிளம்பிய ஒரு நடுக்கம் பூமியைத் தொட்டுக் கடந்தது. இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் மோதி ஒன்றான சேதி அது. விண்வெளியில் மிதக்கும் அதிர்வுக்காதுகள் ஏழு மாதம் முன்பே நேரத்தை நொடி சுத்தமாகச் சொல்லிவிட்டன. பிறகென்ன, ஜோசியர்கள் பஞ்சாங்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்தப் பட்டியலைக் கையில் எடுத்தார்கள். வானத்தில் இரண்டு ஒன்றாகும் நொடியில் பூமியிலும் இரண்டு ஒன்றாகட்டுமே என்று யாரோ ஆரம்பித்தது, இப்போது நாள் குறிக்க வேறு வழியே இல்லை என்றாகிவிட்டது.

நாள் மட்டும் போதுமா, சாட்சி வேண்டாமா? அங்கேதான் எழிலியின் அக்கா பொற்கொடி மாட்டிக்கொண்டாள். வெள்ளிக்குன்றத்து காமா நோக்ககத்துக்கு அவள்தான் தலைவி. மோதலில் பிறந்த காமாக்கதிர் நம் பக்கம் வந்தால், மேல்வானக் காற்றில் முட்டிச் சிதறி, கண் இமைப்பதற்கும் வெகு முன்னால் மறைந்துவிடும் நீல ஒளியைச் சொட்டும். குன்றின் மேலிருக்கும் ஐந்து ராட்சதக் கண்ணாடிகள் அந்த நீலச்சொட்டைப் பிடிக்கத்தான் நிற்கின்றன. பிடித்தால் 'ஒளி'. பிடிக்காவிட்டால் 'இருள்'. ஒளி வந்த கல்யாணம் ஆயுசுக்கும் நிலைக்கும் என்றார்கள். இருள் வந்தால் பெண் வந்த காரிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மாப்பிள்ளை எங்கேயும் திரும்ப வேண்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரியாகப் பார்த்தால் இருள் என்று ஒரு முடிவே கிடையாது. 'இந்த அளவுக்கு மேல் ஒளி வந்திருந்தால் பிடித்திருப்போம், அதற்குக் கீழே வந்ததா என்று தெரியாது' என்பதுதான் முழுப் பதில். பதினோரு வருடம் முன்பு அறிக்கைப் படிவம் தயாரித்த பொற்கொடி, கட்டத்துக்குள் இவ்வளவும் அடங்காதென்று ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிவிட்டாள். படிக்கப்போவது நாலு விஞ்ஞானிகள், அவர்களுக்குப் புரியும் என்று நினைத்தாள் பாவி.

காலை எட்டு மணிக்கு எழிலி போன் செய்தாள். பின்னால் பந்திச் சத்தம் கேட்டது.

"அக்கா, வந்துச்சா?"

"பாத்துட்டே இருக்கேன்டி."

"எல்லாரும் சாப்பிட்டாச்சு. இவங்கப்பா மட்டும் இலை போட விடாம உக்காந்திருக்காரு. சேதி வந்தப்புறம்தான் சாப்பிடுவாராம்."

திரையில் ஒரு சொட்டுகூட இல்லை. பொற்கொடியின் விரல் 'ஒளி' வரை போனது. யார் கேட்கப்போகிறார்கள்? கூடப்பிறந்தவள் வாழ்க்கை. ஆனால் வராததை வந்ததாக ஒரு முறை எழுதிவிட்டால், அப்புறம் இந்தக் குன்று சொல்வதை எவன் நம்புவான்? 'இருள்' என்று குறித்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்த பிறகு, ஏன் இப்படி ஒன்றுமே இல்லை என்று குடைய ஆரம்பித்தாள். பதினோரு மணிக்குப் பிடிபட்டது. நாலு நாற்பத்தெட்டுக்கே வானம் ஒன்பது மடங்கு வெளுத்திருக்கிறது. கேமராக்கள் கருகிப்போகாமலிருக்கத் தாமாகவே கண்ணைச் சுருக்கிக்கொண்டன. வெளிச்சம் கூடிய நொடிகளைக் கெட்ட தரவு என்று மென்பொருள் கழித்துவிட்டது. மிச்சத்தில் ஒளியைத் தேடினால் எங்கிருந்து வரும்? கழிக்கச் சொல்லி விதி எழுதியதும் அவள்தான்.

வெளிச்சம் அடிவாரத்திலிருந்து வந்தது. அங்கே நாற்பத்தாறு கல்யாண மண்டபங்கள். சாட்சிக்குப் பக்கத்திலேயே தாலி கட்டினால் விசேஷம் என்று முளைத்தவை. சீரியல் விளக்கு, வாணவேடிக்கை, தாலி ஏறும் நொடியில் வானத்தைப் பார்த்துப் பாய்ச்சும் ஒளித்தூண் என்று ஒவ்வொன்றும் ஒரு திருவிழா. பழைய பதிவுகளைப் புரட்டினாள். மூன்று வருடமாக இதே கதை. மூன்று வருடமாக அவள் நட்சத்திரங்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நமீபியப் பாலைவனத்து நோக்ககத்திலிருந்து சேதி வந்திருந்தது. இதுவரை கண்டதிலேயே பிரகாசமான காமா, நம் நேரம் நாலு ஐம்பத்தொன்றுக்கு.

விழுந்தடித்துக்கொண்டு மண்டபத்துக்கு இறங்கினாள். எழிலியின் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நிலவன் தூணோரமாகத் தலைகுனிந்து நின்றான். அவன் அப்பா செங்கோடன் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

"மாமா, ஒளி வந்திருக்கு. இந்த விளக்கு, வெடி எல்லாம் சேர்ந்து எங்க கேமராவுக்குக் கண் கூசிப்போச்சு. அதான் தெரியல."

"வெளிச்சம் வெளிச்சத்தை மறைக்குமாம்மா?"

"மறைக்கும் மாமா. நமீபியாவுல தெளிவாப் பாத்திருக்காங்க."

செங்கோடன் நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "அப்ப அந்த ஊர்ல அந்நேரத்துக்குத் தாலி கட்டினவங்க நல்லா இருக்கட்டும். நம்ம தலைக்கு மேல இருட்டுன்னு எழுதினது நீதானே. கூடப்பொறந்தவளுக்காகக்கூட மாத்தி எழுத மனசு வரலைன்னா, அது எவ்வளவு நிஜமா இருக்கணும்."

பொற்கொடி தங்கையின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். காரில் எழிலி மாலையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி வந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு பொய் எழுதியிருக்கக் கூடாதாக்கா?"

அன்று முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அப்படித் திரும்பினார்கள். அடுத்த இணைவின்போது விளக்கணைக்க உத்தரவு போடுங்கள் என்று பொற்கொடி மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். இருட்டில் எவன் தாலி கட்டுவான் என்று சிரித்து அனுப்பினார்கள். மண்டபக்காரர்களிடம் போனாள், அங்கே மோர் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் எழிலி சாப்பிடுவதும் பேசுவதும் குறைந்துகொண்டே போனது.

நாற்பதாம் நாள் பொற்கொடி வேலை முடிந்து வந்தபோது, எழிலி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"மாமா போன் பண்ணாருக்கா. அவருக்கு மனசே ஆறலையாம். தை மாசம் அடுத்த இணைவுல அவரு பையனுக்கும் எனக்கும் மறுபடி தாலி கட்டி வைக்கிறாராம். ஒளி வந்துட்டா பழசெல்லாம் கழிஞ்சிடும், நீ எங்க வீட்டுப் பொண்ணுதான்னு சொன்னாரு."

பொற்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்டபக்காரங்க எல்லாரையும் கூட்டிப் பேசிட்டாராம். இந்தத் தடவை இருட்டுக்கு இடமே கொடுக்கக் கூடாதுன்னு மண்டபத்துக்கு நாலு ஒளித்தூண் வைக்கிறாங்களாம். அத்தனையையும் உங்க கண்ணாடியில நேரா விழுற மாதிரி குன்றைப் பாத்துத் திருப்பி வைக்கிறாங்களாம். நல்லதுதானேக்கா?"

"நல்லதுதான்டி," என்றாள் பொற்கொடி.