தெரியாத முகம்

செப்டம்பர் நான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு, மூன்றாம் மாடி வீட்டின் சமையலறையில் நாத்தனார் அவளிடம் கேட்டாள்.

"கோர்ட்டு வராந்தாவுல ஒரு பொண்ணு உங்க தோள்ல சாஞ்சு அழுதாளே அண்ணி... 'அம்மா'ன்னு வேற கூப்பிட்டா! யாரு அது?"

கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நாத்தனார் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பால் பொங்கி வழிந்தது. அவள் துணியெடுத்துத் துடைத்தாள்.

"அடுப்பைத் துடைச்சிட்டீங்க. இதை எப்படித் துடைப்பீங்க?"

கணவர் செய்தித்தாளை மடித்தார். குரலை உயர்த்தாத மனிதர். அவளுக்கு அதுதான் பயம்.

"ஆறு வருஷமா சாயங்காலமானா விடுதி வேலைன்னு கிளம்பறே. எங்கேன்னு கேட்டா மழுப்பறே. அந்தப் பொண்ணு உனக்கு என்ன உறவு?"

"உறவு எதுவும் இல்லைங்க... அதுக்கு மேல கேக்காதீங்க."

சீப்பும் கையுமாக வாசற்படியில் நின்றிருந்த மகள் கேட்டாள்: "கல்யாணத்துக்கு முன்னாடி பெத்தியாம்மா?"

அவள் கையிலிருந்த துணி நழுவியது.

வேலை தருவதாகச் சொல்லி அழைத்துப்போய் விற்கப்பட்ட பெண்கள், தப்பி வந்தபின் தங்கும் இல்லம்தான் அவள் சொன்ன அந்த விடுதி. வாசலில் பலகை கிடையாது. வேலையில் சேர்ந்தபோது இரண்டு விஷயங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒன்று, இடத்தையும் அங்கிருப்பவர்களையும் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது. இரண்டு, வெளியில் அந்தப் பெண்களைப் பார்த்தால், அவர்களாக வந்து பேசும்வரை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவளுக்கு முன்பிருந்த பணியாளர் கணவரிடம் மட்டும் சொன்னார். கணவர் முடிவெட்டும் கடையில் பேச்சுவாக்கில் உளறிவிட்டார். இரண்டே நாளில், விற்றவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அந்தப் பணியாளர் வேலையை விட்டுப் போனபின் அவர் இடத்துக்குத்தான் இவள் வந்தாள்.

இருபத்திரண்டு நாட்கள் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. அம்மாதான் பின்னிவிட வேண்டும் என்று அடம்பிடிக்கும் மகள், கோணல்மாணலாகத் தானே பின்னிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். மாலையில் இல்லத்துக்குப் போகும்போது அவள் அழுகையையெல்லாம் பஸ்ஸின் ஜன்னலோரத்திலேயே முடித்துவிட்டு இறங்குவாள். அங்கே சிரித்த முகம் வேண்டும்.

கோர்ட்டு வராந்தாவில் அழுத பெண்ணை விற்றவர்கள் மேலான வழக்கில் இருபத்தாறாம் தேதி தீர்ப்பு. "இன்னைக்கு நான் தனியாவே போறேம்மா" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அதனால் அவள் வீட்டிலிருந்தாள்.

மாலை நாலு மணிக்கு நாத்தனார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிடித்த கையின் மறுமுனையில் அந்தப் பெண்.

"அண்ணா! கையோட கூட்டிட்டு வந்துட்டேன். இப்ப கேளுங்க!"

தீர்ப்பு என்ன ஆனதோ! ஆனாலும் அவள் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"யாருங்க இவங்க? எனக்குத் தெரியாதே."

"அடேங்கப்பா... என்ன நடிப்பு!"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "போதும்மா... மூணு பேருக்கும் ஜெயில். இனிமே நானே சொல்லிக்கலாம்." கணவர் பக்கம் திரும்பினாள். "தையல் வேலைன்னு கூட்டிட்டுப் போய் வித்துட்டாங்க சார். ரெண்டு வருஷம் வெளிப்பக்கம் பூட்டின ரூம். இல்லத்துக்கு வந்தப்ப, 'உள்தாழ்ப்பாள் உன்னோடது, எப்பத் தோணுதோ அப்பத் தொற'ன்னு சொல்லிட்டு இவங்க வெளியவே உக்காந்தாங்க. மூணு நாள் நான் தொறக்கவே இல்லை..."

"எப்ப?" என்றாள் மகள்.

"போன வருஷம் மே மாசம்."

"என் ரிசல்ட் வந்தப்ப... நீ ஃபோன்கூட எடுக்கலைன்னு ஒரு மாசம் பேசாம இருந்தேனேம்மா..." மகள் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அன்னைக்கு என்ன கேட்டுட்டேன் உன்னை!"

கணவர் மெல்லச் சொன்னார்: "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா உங்க தங்கச்சிக்குத் தெரியாம இருக்குமாங்க?"

"அது சரி" என்று மூக்கை உறிஞ்சினாள் நாத்தனார். "நானே ரெண்டு ஜெராக்ஸ் போட்டுக் குடுத்திருப்பேன்... மன்னிச்சிடுங்க அண்ணி."

ஐந்து பத்துக்கு பஸ். அன்று மகள் நிறுத்தம்வரை கூட வந்தாள். எங்கே இறங்குவாய் என்று கேட்கவில்லை. பஸ் நாலு நிமிடம் தாமதமாக வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.