மூன்றாவது தொட்டி

மூன்று நாளாகத் தண்ணீர் வராத தொட்டியில் பூஞ்சை வாடியிருக்க வேண்டும். மூன்றாவது தொட்டியில் அது விளிம்பைத் தாண்டி நிமிர்ந்திருந்தது.

குற்றாலம் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கொட்டகையில், மரத்தூள் நிரப்பிய இந்தத் தொட்டிகள் உமா மகேஸ்வரியின் பொறுப்பு. கழிவுநீரில் கரைந்து வரும் வலி மாத்திரை மருந்தைப் பூஞ்சை தின்றுவிடும். மிச்சத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும்.

“வால்வை யாரு அடைச்சா அண்ணாச்சி?”

“நான்தான்” என்றார் பிளம்பர் பலவேசம். “சீசன்லா. அருவியில வழுக்கி விழுந்தவன் பூரா இங்கனதான் கெடக்கான். உன் காளான் சொட்டுச் சொட்டா குடிக்கி. நேரா வாய்க்கால்ல விட ஆபீஸ்ல சொல்லிட்டாவ.”

“அதுல எங்க தெருப் பிள்ளைக எல்லாம் குளிக்கி.”

“நீ என்ன கலெக்டரா? நானே முட்டுவலிக்கு ரெண்டு மாத்திரையப் போட்டுட்டு நிக்கேன். வீட்டுக்குப் போ.”

வழக்கமாக இந்த இடத்தில் அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

“நான் திறக்கப் போறேன்.”

“வேலை போயிரும் பிள்ள.”

“போகட்டும்.”

அவர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

தகரக் கூரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஈர மரத்தூள் வாடைக்கும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடைக்கும் அடியில், நனைந்த துணியைத் தரையிலிருந்து மெல்ல உரிப்பது போன்ற ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தொட்டியிலிருந்து வெள்ளை இழைகள் இறங்கித் தரையில் பரவியிருந்தன. உணவு வரும் குழாயைத் தேடுகின்றன என்று நினைத்தாள். ஆனால் அவை குழாய்ப் பக்கம் போகவில்லை. அவள் இடதுபுறம் நகர்ந்தாள். நுனிகள் இடதுபுறம் திரும்பின. வலதுபுறம் நகர்ந்தாள். திரும்பின.

மதியம் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டது ஞாபகம் வந்தது.

வாசல் பின்னால் இருந்தது. வால்வு அந்த வெள்ளைக்கு அப்பால்.

அவள் வெள்ளையை மிதித்து நடந்தாள்.

இரும்புச் சக்கரம் இறுகியிருந்தது. முதல் சுற்று. குதிகாலில் குளிர்ச்சி. ஊசி போல. வலி இல்லை. இரண்டாம் சுற்று. குழாய் இருமியது. தண்ணீர் விழுந்தது.

இனி பூஞ்சை தண்ணீருக்குப் போய்விடும்.

போகவில்லை.

கணுக்கால். முழங்கால். விரல்கள். கையை இப்போதே உருவினால் உருவிவிடலாம். உருவினால் அவர் வந்து மறுபடி அடைப்பார். இறுக்கிப் பிடித்தாள்.

“ஏட்டி, திறந்துட்டியா?”

வாசலில் பலவேசத்தின் செருப்புச் சத்தம். வராதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கில் மரத்தூள் ருசி. குரல் இல்லை.

சக்கரம் எது, கை எது என்று தெரியவில்லை. ஒரே வெள்ளை. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

தரையிலிருந்த நுனிகள் எல்லாம், ஒன்றாக, வாசல் பக்கம் திரும்பின.