விழித்த நாள் மட்டும்

துயில்பேழையின் மூடி திறந்ததும் பூதத்தான் முதலில் பார்த்தது தம்பியின் தலையைத்தான். போன தடவை காதோரம் நரைத்திருந்தது. இந்தத் தடவை நரைக்க முடியே இல்லை.

"என்னல, இப்படிக் கொட்டிப் போச்சு?"

"ஒனக்கென்ன, நேத்துப் படுத்து இன்னைக்கு எந்திரிச்சிருக்க" என்றான் மாசானம். தம்பிக்கு நாற்பத்தாறு வயது. அண்ணனுக்கு இருபத்திரண்டு.

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு உதவித்தொகை இடம் பதின்மூன்று. ஒருவன் நாலு ஆண்டுதான் ஆடலாம். இது பழைய சட்டம். துயில்பேழை வந்த பிறகு யாரோ வழக்குப் போட்டார்கள். தூங்குகிறவனுக்கு வயதும் ஏறவில்லை, அவன் விடுதிச் சோறும் தின்னவில்லை, ஆகவே விழித்த நாள் மட்டுமே கணக்கு என்று தீர்ப்பாயிற்று. பயிற்சியாளர் துரைப்பாண்டி அதை மூன்று முறை படித்தார். போட்டி நடக்கும் நாற்பது நாள் மட்டும் எழுப்பினால், நாலு ஆண்டு முப்பத்தாறு ஆண்டுக்கு வரும். பதின்மூன்று பேர் மேலே ஆட, இருபத்தாறு பேர் நிலவறையில் ஊறுகாய்ப் பரணி போல வரிசையாக இருக்கலாம். ஒரு சட்டமும் மீறப்படாது. அவரும் தமக்கு ஒரு பேழை வைத்துக்கொண்டார். அதனால் முப்பது ஆண்டாக ஒரே நகைச்சுவையைத்தான் சொல்லிவந்தார்; கேட்பவர்களுக்கும் அது போன வாரம் கேட்டது போலவே இருந்தது.

"அண்ணே, அம்மாவுக்கு முடியல" என்றான் மாசானம். "ஒம்பது நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒன்னப் பாக்காமப் போமாட்டேன்னு ஒரே அழுகை. அதான் ஆஸ்பத்திரியிலயே ஒரு பேழையில படுக்க வச்சிருக்கேன். ஒம்பது நாளும் அப்படியே இருக்கு. நீ வா, எழுப்புவோம்."

பூதத்தான் ஆறே முக்கால் அடி உடம்பைக் குனித்துக்கொண்டு பயிற்சியாளர் முன் நின்றான்.

"ரெண்டு நாள் சார்."

"தாராளமாப் போடே. நீ கேட்டைத் தாண்டுன மறு நிமிசம் பதினாலாவது ஆள எழுப்பிருவேன். இடம் பதிமூணுதான? அப்புறம் ஒனக்குப் பட்டமும் கிடையாது, ஆடி முடிச்சவனுக்குக் குடுக்கிற துறைமுக வேலையும் கிடையாது. அம்மா எங்க போயிரப் போறாங்க? அவங்களுக்கும் கணக்கு நிக்கிதுல்லா?"

நியாயமாகவே பட்டது. அதுதான் அந்தப் பெட்டியின் பெரிய குணம்; அதன் பக்கத்தில் நின்று பேசினால் எதுவும் நியாயமாகவே படும்.

"அடுத்த வருசம்ல" என்றான் தம்பியிடம்.

அண்ணனுக்கு அடுத்த வருசம் நாற்பது நாளில் வந்தது. தம்பிக்கு வருசமாகவே வந்தது. ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் எதிரே நின்றான்: ஒரு தடவை தடித்த கண்ணாடி, ஒரு தடவை பல்செட், ஒரு தடவை கைத்தடி. எழுப்ப ஆள் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக அவன் வெளியூர் வேலை எதற்கும் போகவில்லை.

"பேசாம நானும் ஒரு பெட்டியில படுத்துக்கிடட்டா?" என்றான் ஒருமுறை.

"அப்போ எங்களை யாருல எழுப்புவா?"

இருவரும் சிரித்தார்கள். மாசானம் இருமலோடு சிரித்தான்.

கடைசிப் பருவத்தில் மூடி திறந்தபோது எதிரே சுவர் இருந்தது. பஸ் தாமதமாயிருக்கும் என்று பூதத்தான் நினைத்தான். மிச்சமிருந்த இருபது நாளும் ஆடினான். கோப்பை வந்தது. பட்டத்தையும் வேலை உத்தரவையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

செவிலி அவனை அண்ணாந்து பார்த்தாள். "மாசானம் அண்ணாச்சி ஆனி மாசமே தவறிட்டாங்களே. சொல்ல வந்தோம். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்புனா ஒரு நாள் கணக்குல போயிரும்னு உங்க காலேஜ்ல சொல்லிட்டாங்க."

அவன் அம்மாவின் பேழை மூடியைத் திறக்கச் சொன்னான்.

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். "பூதமா? அப்படியே இருக்கியேல! மாசானம் எங்க? நேத்து மூடும்போது பிள்ள அழுதான். கூப்புடு அவன. ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கணும்."

உறையைப் பிரித்துக் காட்டினான். அவள் அதன் மேலாக வாசலைப் பார்த்தாள்.

"கடைக்குப் போயிருக்காம்மா. கொஞ்சம் படு. வந்ததும் எழுப்புறேன்."

"மறந்துராதல."

மூடியை அவனே இறக்கினான். அட்டையில் செவிலி ஒன்பதை அடித்து எட்டு என்று எழுதினாள். தொடங்கிய நாள் முழு நாள் என்பது விதி. பேழையின் மேல் தம்பியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'மூத்த மகன் வந்ததும் எழுப்பவும்.' அதை அவள் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"இப்ப யார் வந்ததும் எழுப்பணும்னு எழுத?"

"இளைய மகன்" என்றான் பூதத்தான்.