மூன்றும் சேர்த்து எடுத்தால்

அடுப்பில் தேத்தண்ணி பொங்கி வழிந்தது. இந்திராதேவி அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கண் மேசை மேல் இருந்தது. கைக்குழந்தைகளுக்கான பன்னிரண்டு கம்பளிச் சுவெட்டர்கள், ஒவ்வொன்றின் மேலும் அதே நிறத்தில் ஒரு தொப்பி. பக்கத்தில் இருக்க வேண்டிய காலுறைகளை மட்டும் காணோம். பதினொரு மணிக்குக் கூரியர் வான் வந்துவிடும்.

அவர்கள் மேஸ் என்று சொல்லும் அந்தக் காலுறைகளைப் பின்னுகிறவள் கேஷிகா, கொழுந்தன் மதுரனின் மனைவி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

"கேஷிகா... மேஸ தாம்மா. பன்னெண்டு ஓடரும் இன்னைக்குப் போகணும்."

"என் மேஸ் செட்டுல சேராதுக்கா. தனியா விக்கிறதா இருந்தா தர்றேன்."

"மூணும் சேத்துதானே காசு கட்டியிருக்காங்க..."

உள்ளே அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

நுவரெலியா கடைத்தெருவில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு கம்பளிக் கடை. மாடியில் வீடு. ஏப்ரல் சீசன் முடிந்துவிட்டால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால்தான் இந்திராதேவியின் கணவர் தம்பையா இந்த வருஷம் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, 'மூன்றும் சேர்த்து எடுத்தால் 450 ரூபாய் கழிவு' என்று விலையைக் குறைத்துப் போடச் சொன்னார். போட்டதும் ஓடர் குவிந்தது. பக்கத்தைப் பார்ப்பது, பில் எழுதுவது, பார்சல் கட்டுவது எல்லாம் இந்திராதேவிதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பின்னியது யாரோ, அதன் காசும் அவருக்குத்தான். சுவெட்டரும் தொப்பியும் இந்திராதேவியுடையவை, காலுறை கேஷிகாவுடையது. மாதக் கடைசியில் பிரித்துக்கொள்வார்கள். கழிவு போட்டு இன்னும் முதல் மாதம்கூட முடியவில்லை.

அதற்குள் கேஷிகா மனதுக்குள்ளேயே கணக்கை முடித்துவிட்டாள். மூன்று சாமான், நானூற்றைம்பது ரூபாய். அப்படியென்றால் ஐந்நூறு ரூபாய்க் காலுறையில் நூற்றைம்பது போச்சு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்டுப் பழகாத வீட்டிலிருந்து வந்தவள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் அம்மா நாகலெட்சுமி இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று தினமும் இரண்டு கிலோவை வெட்டுவார்கள். ஏன் என்று கேட்டால் மறுநாள் மூன்று கிலோ போகும். பாவம், அந்தப் பெண்ணுக்குக் கழிவு என்றால் அதுதான் தெரியும்.

கதவு திறந்தது. கேஷிகா தோளில் பையோடு வந்தாள். பின்னால் மதுரன், கையில் சூட்கேஸ்.

"என்ன தம்பி இது?"

"ராகலைல ஒரு வீடு பாத்திருக்கோம் அண்ணி. கொஞ்ச நாள் தனியா இருக்கோம்..." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நான் என்னம்மா தப்பு செஞ்சேன், சொல்லிட்டாவது போ."

"சொல்லி என்ன ஆகப்போகுது?" கேஷிகாவின் கண் நிறைந்தது. "எங்கம்மா கூடைல வெட்டுனாங்க. இங்க என் மேஸ்ல வெட்டுறீங்க. தோட்டத்துப் புள்ளதானே, கேக்க மாட்டான்னு நெனைச்சீங்க. நீங்களும் அந்த நிறுவைக்காரர் மாதிரித்தான்க்கா."

கன்னத்தில் அறை வாங்கியிருந்தால்கூட இந்திராதேவி தாங்கியிருப்பாள். மதுரன் ஏதாவது சொல்வான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சொன்னான்.

"நீங்க இப்படி செய்வீங்கன்னு நான் நெனைக்கல அண்ணி."

மாமியார் இறந்தபோது அவனுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் அவள். உண்மையைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். சொன்னால் கேஷிகா அந்தக் காசைத் தொடமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

கீழே ஹோர்ன் அடித்தது. மணி ஒன்பதுதான். வான் இன்றைக்கென்று முன்னாலேயே வந்துவிட்டதா? படி ஏறி வந்த கூரியர்காரர், "ரிட்டர்ன் ஒண்ணு இருக்குங்க. உங்க பார்சல எடுக்கப் பதினொண்ணுக்கு வர்றேன்" என்று ஒரு பொதியை வாசலில் நின்ற கேஷிகாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். தன் காலுறையில்தான் ஏதோ குறையாக்கும் என்று அவள் அங்கேயே பிரித்தாள்.

உள்ளே ஒரு மஞ்சள் சுவெட்டர். கூடவே கண்டியிலிருந்து ஒரு பெண் எழுதிய துண்டுச் சீட்டு. 'சுவெட்டர் சின்னதாக இருக்கிறது, பெரிய அளவில் மாற்றித் தாருங்கள். தொப்பியையும் காலுறையையும் நாங்களே வைத்துக்கொள்கிறோம்.' அதனோடு மடித்து வைத்த பில். இந்திராதேவியின் கையெழுத்து.

சுவெட்டர் 1800, கழிவு 450, மீதி 1350. தொப்பி 600. காலுறை 500.

கேஷிகா அதை இரண்டு தரம் படித்தாள்.

"அக்கா... எல்லா பில்லும் இப்படியா?"

இந்திராதேவி வழிந்த தேத்தண்ணியைத் துடைக்கப் போய்விட்டாள். முன்னறையிலிருந்து வந்த தம்பையா பில்லை வாங்கிப் பார்த்தார்.

"மூணுலயும் சமமா வெட்டுன்னுதானே சொன்னேன் இந்திரா?"

"சொன்னீங்க. நான்தான் கேக்கல." துணியைக் கையிலிருந்து வைக்காமலே பேசினாள். "மே மாச மழை வரப்போகுது. அவங்கம்மா இருக்கிற லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் மாத்தணும்னு புள்ள காசு சேத்துக்கிட்டு இருக்கா. அதுல போய் வெட்டச் சொல்றீங்களா? அவகிட்டச் சொன்னா வாங்க மாட்டா. அதான் சொல்லல..."

மதுரன் சூட்கேஸைக் கீழே வைத்தான். "அண்ணி..."

"அவ பேசினது பரவாயில்ல தம்பி. நேத்து வந்த புள்ள. நீ கேட்டிருக்கலாம். எட்டு வயசுலருந்து உனக்கு நான் எதுல வெட்டினேன்?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான். முப்பது வயது ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாமல் தம்பையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேஷிகா அறைக்குள் போனாள். வரும்போது பன்னிரண்டு சோடிக் காலுறைகளை மடியில் கட்டி வந்தாள். நிறம் பார்த்து ஒவ்வொரு தொப்பியின் பக்கத்திலும் ஒன்றாக வைத்தாள். கடைசிச் சோடியை வைத்ததும் மேசையில் கிடந்த பில் புத்தகத்தை எடுத்து இந்திராதேவியிடம் நீட்டினாள்.

"என் மேஸ்லயும் நூத்தம்பது வெட்டுங்கக்கா."

"வேணாம்மா. தகரம்..."

"செட் போனாத்தானே என் மேஸும் போகும். தகரம் வாங்கிக்கலாம்." குரல் உடைந்தது. "எங்கம்மாகிட்ட யாரும் கேட்டுட்டு வெட்டினதில்ல. நானா சொல்றேன்... வெட்டுங்க."

இந்திராதேவி அதை வாங்கவில்லை. ஈரத் துணியைப் போட்டுவிட்டு அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேருமே அழுதார்கள். அப்புறம் இந்திராதேவிதான் மணியைப் பார்த்தாள்.

"பார்சல் கட்டணும்டி. அந்தச் சூட்கேஸ உள்ள வச்சிட்டு வா."