மேல்துணியில் மூச்சு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வேன் வந்து நின்றபோது பேச்சிக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. சேரப்பணஞ்சேரி ரோட்டில் இருந்த அவளுடைய தகரக் கூரை சீட் கவர் கடைக்கு வருகிற பழைய வண்டிகள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். வெளுத்த பெயின்ட், கீச்சென்று இழுபடும் தள்ளுகதவு, கிழிந்த சீட்டு.

ஓட்டி வந்த கமலினி ஸ்ரீபெரும்புதூரில் சின்னப் பிள்ளைகள் பள்ளி நடத்துகிறவள். திங்கட்கிழமை முதல் பதினோரு குழந்தைகளை அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் ஏலத்தில் எடுத்த வண்டி.

"மத்ததெல்லாம் பரவாயில்லை பேச்சி. பின்னாடி உட்கார்ந்தா கூரையில ஒட்டியிருக்கற மேல்துணி தலையில விழறது. அதை மட்டும் புதுசா மாத்திக் குடுத்துடுங்கோ."

"திங்கக்கெழம காலைல வந்து எடுத்துக்கங்க மேடம்."

கிளம்பும்போது கமலினி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இன்னொண்ணு. எங்கேயோ ஒழுகறது போலிருக்கு. வர வழியில என் தலை நனைஞ்சுபோச்சு."

மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பேச்சி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ஒரகடத்துக்கு வந்தவள். ஒரு கம்பெனியில் கார் சீட் தைக்கும் லைனில் பதினோரு வருஷம் நின்றாள். லைனை மூடியபிறகு இந்தக் கடையைப் போட்டாள். புருஷன் ஏசுவடியான் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். வண்டி வேலையில் அவளுக்குக் கை நடுங்கியது கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் வேனுக்குள் ஏறி, கதவோரத்து ரப்பர் பீடிங்கை உருவினாள். விளக்கைக் கழற்றினாள். கூரையைத் தாங்கியிருந்த அட்டை மெல்ல இறங்கி அவள் கைகளில் உட்கார்ந்தது.

வாடை அடித்தது. பழைய பசை வாடை இல்லை. ஏரி வற்றும்போது அடிச்சேற்றிலிருந்து கிளம்புமே, அந்த வாடை.

அட்டையை வெளியே எடுத்துவந்து கவிழ்த்துப் போட்டுத் துணியை உரித்தாள். அதற்கு அடியில் இன்னொரு துணி இருந்தது. யாரோ பழசை எடுக்காமல் அதன் மேலேயே புதுசை ஒட்டிவிட்டிருந்தார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் இழுத்தாள்.

பழைய துணி முழுக்க நகம் பட்ட கிழிசல்.

பின் சீட்டுக்கு நேர் மேலே, மூலையில், வட்ட வட்டமாகக் கறைகள். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் வில்லையைவிடப் பெரிசு. நடுவில் வெளிறி, ஓரத்தில் கறுத்து. ஆறு இருந்தன. ஆறாவது மற்றவற்றில் பாதி அளவுதான்.

அது என்னவென்று பேச்சிக்குச் சட்டென்று புரிந்துபோனது. வேறு யாராவது இருந்தால் புரிந்திருக்காது. பெருவெள்ளம் வந்த வருஷம், கம்பெனி ஹாஸ்டல் அறையில், கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடத்தில் முகத்தை நிமிர்த்தி வைத்து ராத்திரி முழுக்க மூச்சு விட்டவள் அவள்.

அவை வாய்கள்.

தண்ணீர் ஏற ஏற, கடைசிக் காற்று மேலேதான் நிற்கும். அதைத் தேடி இந்தத் துணியில் வாயை ஒட்டிக்கொண்டவர்களின் தடங்கள்.

அன்று வேலையை அத்தோடு நிறுத்திவிட்டாள். ராத்திரி ஏசுவடியானிடம் சொன்னாள்.

"செத்தவங்க வண்டின்னு பாத்தா ரோட்டுல பாதி வண்டி ஓடாதுட்டி. பழைய துணியக் கிழிச்சு எறிஞ்சுட்டுப் புதுசப் போட்டுக் குடு. பிள்ளைங்க போற வண்டி, சுத்தமா இருக்கட்டும்" என்றான்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போனதும் அட்டையைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தாள். மெல்லிய ஃபோம் வைத்த சாம்பல் நிறத் துணியைச் சொல்யூஷன் தடவி ஒட்டினாள். ஒரு சுருக்கம் இல்லை. வேனில் ஏற்றிப் பொருத்தி, பீடிங்கைத் தட்டி முடிக்கும்போது மணி ஒன்று. உச்சி வெயில். சொல்யூஷன் நெடி போகட்டும் என்று தள்ளுகதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்து ஓரங்களைத் துடைத்தாள்.

துணி அசைந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

பசை போட்டு இறுக்கி ஒட்டிய துணி, அட்டையை விட்டு மெதுவாகக் கீழே புடைத்தது. அப்புறம் உள்ளே போனது. மறுபடியும் புடைத்தது.

மூச்சு.

பேச்சி எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தாள். கதவு மூடியிருந்தது. மூடும் சத்தம் கேட்கவே இல்லை. பிடியை இழுத்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கண்ணாடிகள் உள்பக்கம் வியர்த்து வெள்ளையாகிக்கொண்டிருந்தன. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போகும் சத்தம் எங்கோ ஆழத்திலிருந்து கேட்பதுபோல் மங்கியது.

பாதத்தில் சில்லென்றது.

குனிந்து பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. ஆனால் அந்தக் குளிர் கணுக்காலைத் தாண்டியது. முழங்காலைத் தாண்டியது. சேலை உடம்போடு ஒட்டவில்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. குளிர் மட்டும் இடுப்புக்கு ஏறியது.

"ஏங்க..." என்று கத்தினாள். குரல் நெஞ்சைத் தாண்டி வரவில்லை.

குளிர் கழுத்துக்கு வந்தபோது அவளுக்கே தெரியாமல் சீட்டின் மேல் ஏறி நின்றிருந்தாள். தலையைச் சாய்த்து, வாயைத் துணியில் வைத்து இழுத்தாள். அங்கே மட்டும் கொஞ்சம் காற்று இருந்தது.

காதுக்குக் கீழே ஒரு பொம்பளைக் குரல். மூச்சில்லாமல், கெஞ்சிக்கொண்டு.

"பிள்ளைய மேல தூக்கு... யாராச்சும் பிள்ளைய மேல தூக்குங்க..."

பேச்சியின் முழங்காலை ஒரு சின்னக் கை பிடித்தது.

பனிக்கட்டி போல் ஐந்து விரல்கள். அப்புறம் இன்னொரு கை, இடுப்பில். சின்னப் பாதம் ஒன்று வயிற்றில் மிதித்து ஏறியது. உதறிவிடத்தான் நினைத்தாள். ஆனால் கைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அவை கீழே போய், கண்ணுக்குத் தெரியாத இரண்டு அக்குள்களுக்கு அடியில் புகுந்து, தூக்கின. கனம் அவள் இடது தோளில் உட்கார்ந்தது. அவளுடைய கன்னத்துக்குப் பக்கத்தில், துணியோடு துணியாக, யாரோ அவசர அவசரமாக மூச்சு இழுத்தார்கள்.

கீழே அந்தக் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் குழறி, நின்றது.

"ஏட்டி! பேச்சி! என்னட்டி ஆச்சு?"

கோயிலிலிருந்து திரும்பிவந்த ஏசுவடியான் அவளை இடுப்போடு அணைத்து வெளியே இழுத்துப் போட்டான். வெயில் சுட்ட மண்ணில் விழுந்து இருமினாள்.

"கதவு... கதவத் தொறக்க முடியல."

அவன் அவளையே பார்த்தான். "கதவு தொறந்துதானட்டி கெடந்துச்சு. நீ சீட்டு மேல நின்னு கூரைய மோந்துக்கிட்டு நின்ன."

இருவரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சாம்பல் நிறப் புதுத் துணியில் இரண்டு ஈர வட்டங்கள். ஒன்று அவளுடைய வாய் அளவு.

பக்கத்தில் இருந்தது அதில் பாதி.

திங்கட்கிழமை ஏழரைக்கு கமலினி வந்தாள். பேச்சி சாவியைக் கொடுக்கவில்லை.

"விளையாடறேளா? எட்டு மணிக்குக் குழந்தைகள் வாசல்ல வந்து நிப்பா."

"மேடம், நீங்க என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. இந்த வண்டில பிள்ளைங்கள ஏத்தாதீங்க." பழைய துணியை விரித்துக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள்.

"பசைக் கறை இது" என்று கமலினி சலித்துக்கொண்டு வேனுக்குள் ஏறினாள். பின் சீட்டில் உட்கார்ந்து, நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் உள்ளங்கையை மேலே வைத்து அழுத்தினாள்.

முகம் மாறியது. கையை எடுக்கவில்லை. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ அவள் உள்ளங்கையைத் திருப்பி அழுத்திக்கொண்டிருந்ததை, வாசலில் நின்ற பேச்சி பார்த்தாள். விரல் விரலாக.

கமலினி இறங்கிவந்து ரொம்ப நேரம் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஸ்கிராப்புக்கே போகட்டும்" என்றாள். ஆட்டோ பிடித்துத்தான் குழந்தைகளை அழைக்கப் போனாள்.

மூன்றாம் நாள் வேனை வெட்டிப் பிரித்துவிட்டார்கள். அட்டையையும் துணிகளையும் ஏசுவடியான் தன் கையாலேயே எரித்தான். ஏலத்தில் விற்றவனுக்கு வண்டியின் பழைய கதை தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. பேச்சி நான்கு நாள் கடையை மூடிவிட்டுத் தூங்கினாள். அப்புறம் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கமலினியின் பதினோரு குழந்தைகளும் வேறு வண்டியில் பத்திரமாகப் போய்வந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் பேச்சியும் நம்பினாள்.

இடது தோள் மட்டும் வலித்தது.

பத்து நாள் தைலம் தேய்த்தும் போகவில்லை. படப்பையில் ஒரு டாக்டரிடம் போனாள். நர்ஸ் பிரவீனா எடை பார்க்கும் மெஷினைக் காட்டி, "ஏறி நில்லுக்கா" என்றாள்.

"அறுபத்தேழு."

"இருக்காதும்மா. நான் எப்பவும் அம்பதுக்கு மேல போனதில்ல."

"செருப்பக் கழட்டிட்டு நில்லு." கழற்றினாள். முள் அசையவில்லை. "சரிக்கா, இறங்கு."

பேச்சி இறங்கினாள். முள் கடகடவென்று பின்னால் ஓடி, பதினேழில் வந்து நின்றது.

மெஷின் மேல் ஒன்றுமே இல்லை.

"ரிப்பேராயிடுச்சு போல கீது" என்று பிரவீனா அதை விரலால் தட்டினாள். முள் லேசாக ஆடியது, நிற்கத் தெரியாமல் நிற்கும் குழந்தை ஆடுவதுபோல. மறுபடியும் பதினேழு.

அப்போதுதான் பேச்சி கவனித்தாள். தோள் வலிக்கவில்லை.

செருப்பைக்கூட எடுக்காமல் வாசலைப் பார்த்து ஓடினாள். கதவைத் தள்ளக் கை நீட்டும்போது பின்னால் முள் 'டக்'கென்று பூஜ்ஜியத்தில் விழும் சத்தம் கேட்டது.

இடது தோள் சரிந்தது. அவளுடைய தலைமயிரைச் சில்லென்ற ஐந்து விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.